டீச்சர் எதிரே வருகிறார்

பகவதியப்பன் வண்டியில் ஏறுவதற்குக் காலைத் தூக்கிய நேரத்தில்தான் தாணம்மாள் டீச்சர் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, கழுத்தில் ஒன்றும் கிடையாது, கக்கத்தில் ஒரு குடை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மனிதர் கோட்டாற்றுச் சந்தைக்குக் கிளம்புகிறார். கருப்பட்டி ஏற்றியாயிற்று, மாடு பூட்டியாயிற்று, முற்றத்தில் தேங்காய் உடைத்தாயிற்று, பெண்டாட்டியை நிறைகுடத்தோடு எதிரே வரச்சொல்லி அதையும் பார்த்தாயிற்று. இவ்வளவு பாடும் பட்டுக் காலைத் தூக்கினால், நிறைகுடத்துக்குப் பின்னால் ஒரு தாலியறுத்தவள் நிற்கிறாள். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றார். பிறகு திரும்பி வீட்டுக்குள் போனார். உள்ளே பலகையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, கண்ணை மூடி இருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கிளம்பினால்தான் அந்தத் தோஷம் போகும்.

தாணம்மாள் படலோரமாக ஒதுங்கினாள். 'அட கூறுகெட்டவளே, நேரம் காலம் பார்த்து வரப்படாதா' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவள் வந்த காரியம், வண்டிக்குள் கருப்பட்டிப் பெட்டியின்மேல் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. பகவதியப்பனின் மகன் கிருஷ்ணமணி, ஆறாம் வகுப்பு. சந்தை நாளில் அவனுக்கு வண்டிக் காவல். சந்தைக்கு மறுநாள் அலுப்புத் தூக்கம். மிச்ச நாட்களில் பாடம் புரியவில்லை என்று வயிற்றுவலி. அவன் கிளம்புவதற்கு முன்னால் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்ற வேகத்தில் வந்தவள், தான் யார் என்பதையே மறந்துவிட்டாள். எத்தனையோ வருஷமாக மறக்காத விஷயம் அது.

உள்ளேயிருந்து பகவதியப்பனின் குரல் மட்டும் வந்தது.

"ஏலே கிருஷ்ணமணி! எறங்குலே வண்டிய விட்டு. மூஞ்சியக் கழுவிட்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடு."

"அப்பம் வண்டிக்கு யாரு காவலு?" என்றாள் பெண்டாட்டி.

"வண்டிய நாய் கொண்டு போட்டும். இவன் மொதல்ல போட்டும்." அப்புறம் குரல் கொஞ்சம் பதமாக மாறியது. "டீச்சரே, பையன் இனி ஒருநாளும் முடங்க மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு. நீங்க இதுக்காவ இவ்வளவு தூரம் நடக்கண்டாம், கேட்டியளா? காலம்பற ஒருநாளும் வரண்டாம்."

கிருஷ்ணமணி தூக்கக் கலக்கத்தில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடினான். நடையில் அவன் அக்காள் முத்துக்கனி பாதி வாரின தலையும் கையில் சீப்புமாக நின்றிருந்தாள். ஏழாம் வகுப்பில் முதல் ஆள், ஒருநாள்கூடப் பள்ளிக்கூடம் தவறாதவள். அவள் அப்பா போன திசையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், மறுபடி அப்பா போன திசையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் எதையோ கணக்குப் போட்டு விடையைப் பிடித்த முகம் அது.

தாழங்குளம் மிடில் ஸ்கூலின் பாடு அப்போது ரொம்ப மோசமாக இருந்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிச் சில வருஷம் ஆகியிருந்த காலம். ஊர்கூடி ஓடு போட்டுக் கட்டிய பள்ளிக்கூடம், ஏழு வகுப்பு வரைக்கும் அனுமதி வாங்க ஊர்ப் பெரியவர்கள் திருவனந்தபுரத்துக்கும் வீட்டுக்குமாக நடந்து செருப்பு தேய்த்திருந்தார்கள். அனுமதி வந்தது, பிள்ளைகள்தான் வரவில்லை. பனையில் அக்கானி என்கிற பதநீர் இறங்கும் காலத்தில் பனையேறிகளின் பிள்ளைகள் அக்கானி சுமக்கப் போய்விடும், ஆத்தாமார் காய்ச்சுகிற அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கப் போய்விடும். மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பென்றால் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோக ஒன்று, களத்தில் கோழி விரட்ட ஒன்று. சுசீந்திரத்தில் தேர் என்றால் தேருக்கு முன்னால் மூன்று நாள், பின்னால் மூன்று நாள். பெண்பிள்ளைகள் வயசுக்கு வந்தால் அதோடு சரி. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து காலி பெஞ்சுகளைப் பார்த்தார், வாசலில் படுத்திருந்த ஆட்டைப் பார்த்தார். "அடுத்த தடவை வரும்போதும் இப்படி இருந்தால் ஏழாம் வகுப்பை எடுத்துவிடுவேன். ஆட்டுக்கு அஞ்சாம் வகுப்பு போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹெட்மாஸ்டர் சுந்தர்சிங் அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று கேள்வி. நல்ல மனிதர். அன்பினால் மலையையும் நகர்த்தலாம் என்று உண்மையாகவே நம்புகிறவர். ஆண் வாத்தியார்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டார்கள். "எங்க பிள்ளய எப்பம் விடணும்ணு எங்களுக்குத் தெரியும், நீரு உம்ம சோலியப் பாரும்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் அவர் தாணம்மாளைக் கூப்பிட்டார். "டீச்சர், பெண்கள்னா அடுக்களை வரைக்கும் போகலாம். அம்மாமார்கிட்ட சாந்தமா எடுத்துச் சொல்லுங்க" என்றார். அவள் சாயங்காலங்களில் போனாள், சாந்தமாக எடுத்துச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். மோர் கொடுத்தார்கள். மறுநாள் பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது.

சாயங்காலமாகப் போனதற்குக் காரணம் இருந்தது. காலையில் யார் எதற்குக் கிளம்புவார்களோ, அந்த நேரத்தில் தெருவில் இறங்குவது அவளுக்கு வழக்கமில்லை. கல்யாணப் பந்தலில் கட்டின குலைவாழை வாடுவதற்குள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். அவன் முகம்கூட இப்போது சரியாக நினைவில் இல்லை. மூக்கு மட்டும் நினைவிருக்கிறது. அண்ணன் கூட்டிக்கொண்டு வந்து நாகர்கோவிலில் டிரெயினிங் படிக்க வைத்தார். தாலி இருந்திருந்தால் ஏதாவது ஓர் அடுக்களையில் புகை ஊதிக்கொண்டிருப்பாள். அது போனதால் படிப்பு வந்தது. இதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. எதிரே ஆள் வந்தால் ஒதுங்குவதும், கல்யாண வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போவதும், அண்ணன் வெளியே கிளம்பும்போது கிணற்றடியில் நின்றுகொள்வதும் மூச்சு விடுகிற மாதிரிப் பழகிப்போயிருந்தன.

அன்று பள்ளிக்கூடத்துக்குப் போனால் கிருஷ்ணமணி அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். மறுநாளும் வந்தான். அடுத்த சந்தை நாளிலும் வந்தான்.

வீட்டில் அண்ணன் பெண்டாட்டி, மைனி சண்முகவடிவிடம் சொன்னபோது அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி தாணு, உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? யாவாரத்துக்குப் போற மனுசன் முன்னால போயி நிக்கப்படுமா? ஊரு என்ன சொல்லும்?"

"பையன் வந்துட்டானே, மைனி."

"வராம என்ன செய்வான்? நீ திரும்பவும் போயிரப்படாதுண்ணு அடிச்சு வெரட்டுவாவ..." என்று சொல்லிக்கொண்டே வந்த மைனி பாதியில் நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மைனிக்கு முதலில் திகைப்பு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சிரிப்பு. "அட சவமே! ஆனாலும் நீ அதச் செய்யப்படாது கேட்டியா" என்றாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தாணம்மாளும் சிரித்தாள். படுத்த பிறகு அவளுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு தொண்டையில் மீன்முள் மாதிரி குத்தியது.

ஆனாலும் அவள் அதைச் செய்தாள். மறுநாள் முதல் விடியற்காலையில் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாகர்கோவில் கோர்ட்டில் வாய்தா இருந்தவர் வீட்டுப் படியில் போய் நின்று, "உங்க ரெண்டாவது பிள்ளை நேத்து வரல்லியே" என்று மிகவும் பணிவாகக் கேட்டாள். நாற்றங்கால் பாவக் கிளம்பினவர் வீட்டில் நின்றாள். மாடு வாங்கப் போகிறவர் வீட்டில் நின்றாள். பிள்ளை வந்திருந்தால் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டாள். வராவிட்டால் மறுநாள் கோழி கூவினதும் ஆள் ஆஜர். ஒருத்தரும் அவளை ஒன்றும் சொல்ல முடியவில்லை. எப்படிச் சொல்வது? முகத்துக்கு நேரே "நீ அறுதலி, வராதே" என்று சொல்லத் துணிச்சல் வேண்டும், அதுவும் பிள்ளையின் டீச்சரை. பிள்ளையை அனுப்பிவிடுவது அதைவிட லேசு. அக்கானி சுமக்க ஆள் இல்லாமல் ஆத்தாமார் தாங்களே சுமந்தார்கள். களத்துக் கோழிகள் கொண்டாட்டமாகத் தின்றன. தாழங்குளத்துத் தெருக்களில் விடிந்ததும் ஒரே குரல்தான்: "எந்திலே! டீச்சர் வாறதுக்கு முன்ன ஓடு!"

ஒரே ஓர் இடத்தில் அந்த வித்தை பலிக்கவில்லை. அய்யாவழிக்காரர் வைகுண்டராஜன், நெற்றியில் நீளமாக வெள்ளை நாமம், வாழைத்தார் வெட்ட அரிவாளோடு கிளம்பிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். "வாங்க டீச்சரே. இரிங்க. அய்யா வழியில சகுனம் கெடையாது. நீங்க தாராளமா எதிர வாங்க" என்று சொல்லி ஸ்டூலை எடுத்துப் போட்டார். தாணம்மாள் ஏமாந்துபோனாள். கண் கலங்கியும் போனாள். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. அங்கே நேர்வழியில்தான் பேச வேண்டியிருந்தது. பெண்டாட்டி வயலுக்குப் போனால் கைப்பிள்ளையைப் பார்க்க ஐந்தாம் வகுப்பு மகள் வீட்டில் நிற்க வேண்டும் என்பதுதான் அந்த வீட்டுச் சங்கடம். "கைப்பிள்ளையையும் தூக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். அது அன்று முதல் ஐந்தாம் வகுப்பில் ஒரு தொட்டிலில் கிடந்து, பெருக்கல் வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டே தூங்கியது.

ஹெட்மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "டீச்சர், அன்புதான் ஜெயிச்சுது, பாத்தீங்களா? உங்க சாந்தமான பேச்சுக்கு ஊரே கட்டுப்பட்டுட்டது!" என்றார். அவள் "ஆமா சார்" என்றாள். வேறு என்ன சொல்வது?

ஒருநாள் மத்தியானம் பையன்கள் விளையாடுவதைப் பார்த்தாள். ஒருவன் வெள்ளைத் துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு ஒரு கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறான். மற்றவர்கள் "எதிர வருதே, எதிர வருதே" என்று அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். தொடப்பட்டவன் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற மாதிரி பாவனை காட்டிவிட்டு எழுந்து வரவேண்டும். அவளைக் கண்டதும் எல்லாரும் சிலையாக நின்றார்கள்.  அடிக்கலாம் என்று கை எழுந்தது. அப்புறம் அவளுக்குத் தோன்றியது, இந்த விளையாட்டை விளையாடுவதற்காகவாவது இத்தனை பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறார்களே. "மணி அடிக்கப் போவுது, கையக் கழுவுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சோற்றுத் தூக்கைத் திறக்காமல் ஒதுக்கி வைத்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் முத்துக்கனி வராமலானாள்.

முதல் நாள் தலைவலியாக இருக்கும் என்று தாணம்மாள் விட்டுவிட்டாள். இரண்டாம் நாள் வகுப்பில் நுழைந்ததும் முன் பெஞ்சில் அந்த ஓர் இடம் பல் விழுந்த மாதிரித் தெரிந்தது. மற்றப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் இருப்பதே முத்துக்கனி இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான். "பகவதியப்பன் மகளே வருதா, ஒனக்கென்ன" என்று சொல்லித்தான் அவர்களுடைய அம்மாமார் அனுப்பியிருந்தார்கள். அவள் நின்றால் ஒவ்வொன்றாக நிற்கும். இன்ஸ்பெக்டர் பங்குனியில் வருகிறார். தாணம்மாள் கிருஷ்ணமணியைக் கூப்பிட்டாள்.

"அக்கா எங்கடே?"

"வீட்டுல இருக்கா."

"சொகமில்லியா?"

"சொகத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அவ வரமாட்டாளாம். டீச்சர் வீட்டுக்கு வந்து கூப்பிட்டாத்தான் வருவாளாம்." பையன் ஒப்பிக்கிற குரலில் சொன்னான். "வெள்ளிக்கிழமை காலம்பறதான் வரணுமாம். அதுக்கு முன்ன வரப்படாதாம்."

"வெள்ளிக்கிழமை என்ன விசேஷம்?"

"இரணியல்லருந்து மாப்பிள வீட்டுக்காரங்க நிச்சயத்துக்கு வாறாங்க. அக்கா அழுதா. அப்பா அடிச்சாரு. பொறவு அக்கா அழல்ல. இதச் சொல்லணும்ணு சொன்னா."

தாணம்மாள் பையனை வகுப்புக்கு அனுப்பினாள். பதிமூன்று வயசுப் பெண். நடையில் சீப்போடு நின்று அன்றைக்குப் போட்ட கணக்கு இதுதான். மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தோடு படியேறும் நேரத்தில் டீச்சர் வந்து நிற்க வேண்டும். நிச்சயம் நின்றுபோகும். அடிப்பாவி, என்ன மூளை!

ஆனால் அது சந்தைக்குப் போகிற வண்டியல்லவே. இதுவரைக்கும் அவள் செய்ததில் ஒருத்தருக்கும் நஷ்டமில்லை. ஒரு செம்பு தண்ணீரோடு தீர்ந்த காரியங்கள். இது ஒரு பெண்ணின் கல்யாணம். 'அவ மூஞ்சி பட்டுத்தான் சம்பந்தம் முறிஞ்சுது' என்று ஊர் சொல்லும், பள்ளிக்கூடத்தை விட்டே விரட்டும். அதைக்கூடத் தாங்கிவிடலாம். அவள் உள்ளுக்குள் பயந்தது வேறு. அவள் போய் நின்று சம்பந்தம் முறிந்து, நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? அப்போது ஊர் இத்தனை வருஷமாகச் சொல்வதை அவளே நம்பிவிடுவாள். இதுவரைக்கும் நம்பாமல் இருந்தது பெரும்பாடு. ராத்திரியெல்லாம் தனக்குத்தானே சொல்லிச் சொல்லித்தான் நம்பாமல் இருந்தாள்.

"போவாத" என்றாள் மைனி. அப்புறம் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே, "அந்தப் பிள்ள பாவம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை குளத்தங்கரைப் புன்னைமரம் வரைக்கும் கால்கள் ஒழுங்காகத்தான் வந்தன. அதற்குமேல் நகரவில்லை. அங்கிருந்து பார்த்தால் பகவதியப்பன் வீட்டு முற்றம் தெரியும். வாழை கட்டி, மாவிலைத் தோரணம் கட்டி, பாய் விரித்து அமர்க்களமாக இருந்தது. வெளியே ஒரு வில்வண்டி அவிழ்த்து நின்றது. ஆட்கள் இறங்கி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ராகுகாலத்துக்கு முன்னால் தட்டு மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம். தாணம்மாள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு மக்கா அது? நீயும் இங்கதான் நிக்கியா?"

மரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு வண்டி நின்றது, மாடு பூட்டியபடியே. வண்டிக்காரன் எங்கோ பீடி குடிக்கப் போயிருந்தான். உள்ளே ஐம்பது வயசுக்கார அம்மாள் ஒருத்தி ஓலை விசிறியால் வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி.

"நான் பள்ளிக்கூடத்து டீச்சர். நீங்க..."

"மாப்பிளக்கு அம்ம. தேவகனி." அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எரிச்சல்தான் கூடுதல். "எம் மவனுக்கு நிச்சயம். நான் வண்டியில இருக்கேன். தட்டு மாத்தினதுக்குப் பொறவு ஆள் வந்து கூட்டிட்டுப் போவுமாம், அதும் பொறவாசல் வழியாட்டு. எல்லாம் எங் கொழுந்தனுக்க ஏற்பாடு. பொண்ணு யாரு எவருண்ணு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல. கருப்பட்டி யாவாரத்துக்குக் கூட்டாளி கெடச்சாப்புல, அதுக்காவச் சம்பந்தம். பெத்தவ நான் பொணம் மாதிரி இங்க கெடக்கேன். நீ எதுக்கு ஒளிஞ்சு நிக்க?"

தாணம்மாள் யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத அந்த அம்மாளிடம் கொட்டிவிட்டாள். ஒற்றைக்காலில் நின்ற பகவதியப்பனில் ஆரம்பித்து, கிருஷ்ணமணி கொண்டுவந்த சேதி வரைக்கும் எல்லாவற்றையும். சொல்லி முடித்த பிறகுதான், மாப்பிள்ளையின் அம்மாவிடமே கல்யாணத்தை முறிக்க வந்ததாகச் சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தேவகனி விசிறியை நிறுத்தியிருந்தாள். "பிள்ள நல்லாப் படிக்குமா?"

"வகுப்புல மொதல்ல வருவா. கணக்குன்னா உயிரு."

"ஒன் மூஞ்சிய வச்சே கணக்குப் போட்டிருக்காளே, பாத்தியா!" தேவகனிக்கு இந்தத் தடவை நிஜமாகவே சிரிப்பு வந்தது. வண்டியெல்லாம் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சக்கரத்தைப் பிடித்து மெதுவாகக் கீழே இறங்கினாள். "எம் மவனுக்குப் பத்தொம்பது வயசுதான் ஆவுது. அவனுக்கும் அவசரம் ஒண்ணும் இல்ல. இந்தப் பிள்ள படிக்கட்டும். படிச்சதுக்குப் பொறவு அவளுக்குப் பிடிச்சா என் வீட்டுக்கு வரட்டும், பிடிக்காட்டா போட்டும். நீ இங்கயே நில்லு. ஒன் பேரு கெடப்படாது. நான் போறேன். எதிர வந்தது மாப்பிளக்கு அம்மையாக்கும்ணு சொன்னா யாரு யாரக் குத்தம் சொல்ல முடியும்?"

அவள் சொன்னது நியாயம்தான். எல்லாப் பழியும் தானாகக் கழன்று போகிற வழி. தாணம்மாளுக்கு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் முன்னால் தனியாகப் போகிற அந்த வெள்ளைப் புடவையைப் பார்த்துக்கொண்டு மரத்தடியில் நிற்க அவளால் முடியவில்லை. ஓடிப்போய் அவள் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள்.

"ஒன்ன நிக்கச் சொன்னேன்லா?"

"பிள்ள என்னையில்லா கூப்பிட்டிருக்கா."

தேவகனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "செரி வா. ஒத்த ஐயரு எதிர வந்தா ஆவாது, ரெண்டு ஐயரு சேந்து வந்தா நல்லதுண்ணு சொல்லுவாவ. நாம ரெண்டு பேரு சேந்து போனா என்னண்ணு எந்த சாஸ்திரத்துல எழுதியிருக்குண்ணு கேப்போம்."

இரண்டு பேரும் தோரணத்துக்கு அடியில் புகுந்து, முன்வாசல் வழியாக, விரித்த பாயின் ஓரத்தில் போய் நின்றார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பூ, பட்டு. தட்டைத் தூக்கின கை தூக்கினபடியே நின்றது.  பகவதியப்பனின் கண் முதலில் டீச்சர்மேல்தான் விழுந்தது, சிவந்தது. அந்தக் கோபத்தை வாய்க்குக் கொண்டுவருவதற்குள் பக்கத்தில் நிற்பது யார் என்று தெரிந்துபோயிற்று. சம்பந்தியம்மாளை எப்படி ஏசுவது? 

"மைனி, நீங்க எதுக்கு இப்பம்..." என்றார் கொழுந்தன்.

"எம் மவனுக்குப் பொண்ணு பாக்க நான் வரப்படாதா?"

 கொழுந்தன் தட்டைக் கீழே வைத்தார். வானத்தைப் பார்த்தார், சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் இடைவாரில் செருகியிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இண்ணைக்கு வேண்டாம் பகவதியப்பண்ணே. மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. அடுத்த வருசம் பாப்பம். வாக்கு வாக்காவே இருக்கட்டும்" என்றார். பகவதியப்பன் தலையாட்டினார். ஆட்டாமல் வேறு வழியில்லை. பெண்டாட்டி உள்ளே அழத் தொடங்கினாள். ஒன்றுக்கும் கவலைப்படாமல் ஒரு கிழவர் தட்டிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து உரித்துக்கொண்டிருந்தார்.

"பொண்ண வரச் சொல்லுங்க. வந்ததுக்குப் பாத்துட்டாவது போறேன்" என்றாள் தேவகனி.

முத்துக்கனி வந்தாள். பட்டுப்பாவாடை, தாவணி, தலை கொள்ளாத மல்லிகை, தோளில் பள்ளிக்கூடத்துப் பை. பையை எப்போது எடுத்தாளோ, பட்டு உடுத்தும்போதே எடுத்து வைத்திருந்தாளோ, தெரியவில்லை. தேவகனியின் முன்னால் வந்தவள் தயங்கவேயில்லை. பட்டுப் பாவாடை மண்ணில் புரள, கீழே விழுந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். தேவகனியின் காலில் ஒருத்தர் விழுந்து எத்தனை வருஷமாயிற்றோ, அவளுக்கு என்ன சொல்லி ஆசீர்வதிப்பது என்றே மறந்துபோயிற்று. "எந்திரி மக்கா, எந்திரி. மணி அடிச்சிரப் போவுது" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் மணி அடித்துத்தான் இருந்தது. முத்துக்கனி முன்னால் ஓடினாள். தேவகனியும் கூடவே வந்துவிட்டாள். கொழுந்தனோடு ஊருக்குத் திரும்ப இப்போது அவளுக்கு மனசில்லை, "கோவம் ஆறட்டும் அவனுக்கு" என்றாள். ஏழாம் வகுப்பின் பின்பெஞ்சு ஓரத்தில் ஓலை விசிறியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வகுப்பு முழுக்க மல்லிகை மணத்தது. மற்றப் பெண்கள் முத்துக்கனியின் பட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தாணம்மாள் ஆஜர்ப் பட்டியல் நோட்டை விரித்துப் பேர் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தராக எழுந்து "ஆஜர்" என்றார்கள். முத்துக்கனி பேர் வந்தபோது அவள் சொன்ன சத்தம் அடுத்த வகுப்புவரை கேட்டிருக்கும். கூப்பிட்டு முடித்துத் தாணம்மாள் பட்டியலை மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினாள்.

"டீச்சரே" என்றது பின்பெஞ்சு. "எம் பேரு கூப்பிடல்லியே?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. தேவகனியும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கேட்டபிறகு அவள் முகம் சிரிக்கவில்லை. மடியிலிருந்த விசிறியை இறுகப் பிடித்துக்கொண்டு டீச்சரையே பார்த்தாள். வெளியே ரோட்டில் கொழுந்தனுடைய வண்டி வந்து நின்று, மாட்டுச் சலங்கை குலுங்குவது கேட்டது. யாரோ "மைனி, வாருங்க, நேரமாவுது" என்று கூப்பிட்டார்கள்.

தாணம்மாள் பட்டியலைத் திரும்பவும் திறந்தாள்.

"தேவகனி."

அவள் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் எழுந்த மாதிரியே, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நேராக நின்றாள். தலையிலிருந்து முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. அதை எடுத்துப் போடாமல் வாயைத் திறந்தாள்.